லேபர் கேம்ப்பில் டீப் கிளீனிங்: ரசாயனத்தைக் கட்டுக்குள் வைப்பது எப்படி

தொழிலாளர் முகாமில் காலையில் ஆசிட் ஊற்றித் தேய்த்த இடத்தில் இரவு ஆட்கள் படுத்துத் தூங்குகிறார்கள். அலுவலகத்தையோ கிடங்கையோ சுத்தம் செய்வதற்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான். அறைகள் நெருக்கமாக இருக்கும், காற்றோட்டம் குறைவாக இருக்கும், இரண்டடுக்குக் கட்டில்கள் நிறைந்திருக்கும். இரவு ஷிப்டு முடித்தவர்கள் பகலில் உறங்கிக்கொண்டிருப்பார்கள். வேலை செய்ய வருவதோ வெளி ஒப்பந்ததாரரின் ஆட்கள். அறைகளைப் பற்றித் தெரிந்தது முகாம் நிர்வாகத்துக்கு, ரசாயனத்தைப் பற்றித் தெரிந்தது ஒப்பந்ததாரருக்கு. இருவரும் உட்கார்ந்து பேசாமல் வேலை தொடங்கினால் விபத்துக்கு வழி திறந்துவிடும்.

முகாம் பொறுப்பாளரும் ஒப்பந்ததாரரின் சூப்பர்வைசரும் சேர்ந்து படிக்க வேண்டிய வழிகாட்டி இது.

முதல் வேலை: பட்டியலைச் சுருக்குவது

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே, கொண்டுவரப்போகும் ஒவ்வொரு ரசாயனத்தின் பெயர், செறிவு, பாதுகாப்புத் தரவுத்தாள் (பொருளின் அபாயமும் முதலுதவியும் எழுதி உற்பத்தியாளர் தரும் தாள்) மூன்றையும் கேட்டு வாங்குங்கள். பதினைந்து பொருட்கள் கொண்ட பட்டியல் வந்தால் திருப்பி அனுப்புங்கள். ஒரு முகாமை மேலிருந்து கீழ்வரை சுத்தம் செய்ய ஐந்து பொருட்கள் போதும்:

- நடுநிலை டிடர்ஜென்ட்: அறை, தரை, சுவர், கட்டில்.
- காரத்தன்மையுள்ள எண்ணெய்ப்பிசுக்கு நீக்கி: சமையலறைக்கு மட்டும்.
- பாஸ்பாரிக் அல்லது சல்பாமிக் ஆசிட் அடிப்படையிலான உப்புக்கறை நீக்கி: டாய்லெட், குளியலறை, ஷவர்.
- குவாட் (குவாட்டர்னரி அமோனியம்) வகைக் கிருமிநாசினி: தினசரிக் கிருமிநீக்கத்துக்கு.
- சோடியம் ஹைப்போகுளோரைட், அதாவது பிளீச்: ரத்தம், வாந்தி, வயிற்றுப்போக்கு பரவும் நாட்கள் ஆகியவற்றுக்கு மட்டும். சூப்பர்வைசரின் பொறுப்பில் பூட்டி வைத்திருக்க வேண்டும்.

பிளீச்சை ஏன் இப்படி ஒதுக்கிவைக்க வேண்டும்? டாய்லெட்டில் ஆசிட் தேவை, கிருமிநாசினியும் தேவை. அங்கே இரண்டாவதாகப் பிளீச் வந்தால், ஆசிட்டும் பிளீச்சும் ஒரே ஆளின் கையில், ஒரே நான்கு சதுர மீட்டர் அறையில் சேர்ந்துவிடும். குவாட்டைக் கொண்டு அந்தச் சந்திப்பையே தவிர்த்துவிடலாம். ஆனால் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நோரோவைரஸ் போன்றவற்றின் மேல் குவாட் பலமாக வேலை செய்யாது. அதனால்தான் பிளீச்சை முழுவதும் விலக்கவும் முடிவதில்லை.

முகாமுக்குள் நுழையவே கூடாதவை என்று இன்னொரு பட்டியல் வேண்டும். ஹைட்ரோபுளூரிக் ஆசிட் அல்லது அமோனியம் பைபுளூரைடு கலந்த துரு நீக்கிகள் அதில் முதலில் வரும். அவை தோலில் பட்டால் உடனே வலி தெரியாமல் போகலாம். ஆனால் உள்ளே போய் உடலின் கால்சியத்தைக் கட்டிப்போட்டு இதயத்தையே நிறுத்தக்கூடியவை. தரவுத்தாளின் 3ஆம் பகுதியில் இந்தப் பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அடுத்தது சாக்கடை அடைப்பு எடுக்கும் அடர் சல்பூரிக் ஆசிட். பிறகு கறை எடுக்க என்று கொண்டுவரும் பெட்ரோல், தின்னர், மண்ணெண்ணெய். கடைசியாக, பெயரோ லேபிளோ இல்லாத எந்தக் கேனும். 'எப்பவும் பயன்படுத்துறதுதான்' என்ற பதிலை ஏற்காதீர்கள். லேபிள் இல்லாத கேனில் இருப்பது என்ன என்று கேன் கொண்டுவந்தவருக்கும் தெரியாது.

தரவுத்தாளில் 16 பகுதிகள் இருக்கும். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். 2 அபாயம், 3 உட்பொருட்கள், 4 முதலுதவி, 7 கையாளுதலும் சேமிப்பும், 8 பாதுகாப்புக் கருவி, 10 எதோடு சேரக்கூடாது. இந்த ஆறு பகுதிகளையும் வேலைக்கு வரும் ஆட்களின் மொழியில் ஒரு பக்கமாகச் சுருக்கி, ரசாயன அறையின் கதவில் ஒட்டுங்கள். படிக்கத் தெரியாதவர்களும் இருப்பார்கள் என்பதால், சிவப்புக் கட்டத்துக்குள் வரும் அபாயப் படங்களைச் சொல்லிக்கொடுங்கள். கையையும் உலோகத்தையும் ஒரு திரவம் அரிப்பது போன்ற படம் இருந்தால், கண்ணாடியும் கையுறையும் போடாமல் மூடியைத் திறக்கக் கூடாது. இந்த ஒன்றையாவது ஒவ்வொருவரும் திரும்பச் சொல்லும்வரை விடாதீர்கள்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்: ஒப்புக்கொண்ட பொருளுக்குப் பதில் வேறு பிராண்டு கொண்டுவருவதானாலும் முன்கூட்டியே தரவுத்தாளோடு அனுமதி வாங்க வேண்டும். ஒரே பெயரில் விற்கும் இரண்டு 'டாய்லெட் கிளீனர்'களில் ஒன்று ஆசிட்டாகவும் மற்றது பிளீச்சாகவும் இருக்கலாம். கடையில் ஸ்டாக் இல்லை என்று மாற்றி வாங்கி வருவதுதான் பல விபத்துகளின் தொடக்கம்.

கூலியை எப்படிக் கணக்கிடுகிறீர்கள் என்பதும் பாதுகாப்பு விஷயமே. அறைக்கு இவ்வளவு என்று கொடுத்தால், ஆட்கள் வேகத்துக்காக மருந்தைக் கூட்டிப் போடுவார்கள், அலசுவதை விட்டுவிடுவார்கள், ஆள் இருக்கும் அறையிலேயே தெளிப்பார்கள். மணிக்கணக்கில் கொடுப்பதே சரி என்பது எங்கள் உறுதியான கருத்து.

அளவு: கைக்கணக்கு வேண்டாம்

லேபிளில் 1:50 என்று இருந்தால் ஒருவர் ஒரு பங்கோடு ஐம்பது பங்கு தண்ணீர் என்று எடுத்துக்கொள்வார். இன்னொருவர் மொத்தமே ஐம்பது என்பார். அதனால் விகிதத்தில் பேசாதீர்கள். '10 லிட்டர் பக்கெட்டுக்கு இத்தனை மில்லி' என்று மட்டுமே எழுதுங்கள். பக்கெட்டின் உட்பக்கம் 10 லிட்டர் மட்டத்தில் அழியாத மையால் கோடு போடுங்கள். விளிம்புவரை நிரப்பினால் அது 12 அல்லது 13 லிட்டராக இருக்கலாம்.

பிளீச்சுக்கான கணக்கு எளிது. 5 சதவீதப் பிளீச்சில் ஏறத்தாழ 50,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) குளோரின் இருக்கிறது. 10 லிட்டர் கரைசலுக்குத் தேவைப்படுவது:

- சுத்தம் செய்து முடித்த பரப்புக்கு, 1,000 பிபிஎம்: 5 சதவீதமானால் 200 மில்லி, 10 சதவீதமானால் 100 மில்லி, 12 சதவீதமானால் சுமார் 85 மில்லி.
- ரத்தம், வாந்தி சிந்திய இடத்துக்கு, 5,000 பிபிஎம்: 5 சதவீதமானால் 1 லிட்டர், 10 சதவீதமானால் 500 மில்லி.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கேனில் 12 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும், உள்ளே அவ்வளவு இருக்காது. வெப்பமும் வெளிச்சமும் பட்டால் பிளீச் வேகமாகச் சிதையும். வெயிலில் நிற்கும் கன்டெய்னருக்குள் சில மாதம் கிடந்த கேனின் பலம் பாதிக்கும் கீழே போயிருக்கக்கூடும். உற்பத்தித் தேதி பாருங்கள், பழையதை முதலில் எடுங்கள், குளோரின் சோதனைத்தாள் வாங்கி வையுங்கள். கலந்த கரைசலைத் தினமும் புதிதாகத் தயாரிக்க வேண்டும். நேற்றைய மிச்சத்தை இன்று பயன்படுத்தக் கூடாது. சுடுதண்ணீரில் கலக்கவும் கூடாது. பலமும் போகும், ஆவியும் கிளம்பும்.

கலக்கும் வரிசை எப்போதும் ஒன்றே: முதலில் தண்ணீர், பிறகு ரசாயனம். காஸ்டிக் சோடாவோ (எண்ணெய்ப்பிசுக்கு நீக்கிகளில் இருக்கும் கடும் காரம்) அடர் ஆசிட்டோ இருக்கும் பாத்திரத்தில் தண்ணீரை ஊற்றினால் அந்த இடத்திலேயே கொதித்து முகத்தில் தெறிக்கும்.

கிருமிநாசினி வேலை செய்யவில்லை என்றால் அளவைக் கூட்டுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. காரணம் பெரும்பாலும் வேறாக இருக்கும். அழுக்கின் மேலேயே தெளித்திருப்பார்கள். அழுக்கு குளோரினைத் தின்றுவிடும். முதலில் டிடர்ஜென்ட், பிறகு அலசல், அதன் பிறகே கிருமிநாசினி. டிடர்ஜென்டைச் சரியாக அலசாமல் குவாட் போட்டால் சோப்புக்கும் குவாட்டுக்கும் பொருந்தாமல் குவாட் செயலிழக்கும். பருத்தி மாப்பும் குவாட்டை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் என்பதால் மைக்ரோஃபைபரோ, அதற்குப் பொருத்தமானது என்று குறிப்பிட்ட துணியோ நல்லது. இன்னொரு காரணம் நேரம். லேபிளில் 10 நிமிடம் என்று இருந்தால் பரப்பு 10 நிமிடமும் ஈரமாகவே இருக்க வேண்டும். தெளித்த கையோடு துடைத்தால் வாசனை மட்டுமே மிஞ்சும்.

எது எதோடு சேரக் கூடாது

இந்தப் பகுதியை மட்டும் ஒவ்வொரு நாள் வேலை தொடங்கும் முன்பும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

*பிளீச்சும் ஆசிட்டும்:* குளோரின் வாயு வரும். இது காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது. தரையோடு பரவும், கீழ்க்கட்டில் மட்டத்தில் தேங்கும், குனிந்து தேய்ப்பவரின் மூக்குக்கு நேராக நிற்கும். 10 பிபிஎம் அளவே உயிருக்கு ஆபத்தானது என்று அமெரிக்கத் தொழில்சுகாதார நிறுவனமான நியோஷ் வரையறுத்திருக்கிறது. இரண்டையும் ஒரே பக்கெட்டில் கலக்கும் அளவுக்கு அறியாதவர்கள் குறைவு. அடிக்கடி நடப்பது வேறு: முதல் ஆள் காலையில் டாய்லெட் கோப்பையில் ஆசிட் ஊற்றுவார், அது கீழ் வளைவில் நிற்கும். மதியம் இரண்டாம் ஆள் வந்து பிளீச் ஊற்றுவார். ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. இதனால்தான் ஆசிட் போட்ட டாய்லெட் கதவில் நேரம் எழுதிய சிவப்பு அட்டை தொங்க வேண்டும், இரண்டு முறை முழு ஃபிளஷ் செய்த பிறகே அட்டையை எடுக்க வேண்டும். பிளீச் தேவைப்பட்டால் அதே நாளில் வேண்டாம். தரைச் சல்லடைக்குக் கீழுள்ள வளைவிலும் ஆசிட் நிற்கும் என்பதை மறக்காதீர்கள்.

*பிளீச்சும் அமோனியாவும்:* குளோரமைன் ஆவிகள் வரும், நுரையீரல் எரியும். கண்ணாடி துடைக்கும் சில திரவங்களில் அமோனியா உண்டு. சிறுநீரிலும் அதைத் தரும் பொருட்கள் உண்டு. உப்புப் படிந்த யூரினலில் நேரடியாகப் பிளீச் ஊற்றினால் மூக்கைத் துளைக்கும் நெடி வருவது இதனால்தான். முதலில் நிறையத் தண்ணீர்விட்டு அலசுங்கள்.

*பிளீச்சும் ஹைட்ரஜன் பெராக்சைடும்:* ஆக்சிஜன் வேகமாகப் பொங்கும். மூடிய பாட்டிலானால் வெடித்துத் திறக்கும். ஆல்கஹால் சானிட்டைசரோடும் பிளீச் சேரக் கூடாது.

*காஸ்டிக்கும் அலுமினியமும்:* ஹைட்ரஜன் வாயுவும் வெப்பமும் வரும். பல முகாம்களின் சமையலறைப் பாத்திரங்களும் புகைபோக்கி வடிகட்டிகளும் அலுமினியம். கார நீக்கியில் ஊறவைத்தால் கறுத்து, அரித்து, ஓட்டை விழும். மூடிய தொட்டியில் ஊறவைப்பதோ, அடுப்பு எரியும்போது செய்வதோ தீ விபத்துக்கு வழி.

*ஆசிட்டும் சாக்கடைக் கசடும்:* அடைத்துக் கறுத்த கசட்டில் ஆசிட் ஊற்றினால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பலாம். அழுகிய முட்டை நாற்றம் வந்து, பிறகு திடீரென்று நாற்றமே தெரியவில்லை என்றால் காற்று சுத்தமாகிவிட்டது என்று எண்ணாதீர்கள். அளவு கூடினால் அந்த வாயு மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்யும். வெளியே ஓடுங்கள்.

ஆசிட் பளிங்குத் தரையையும் டைல்ஸ் இடுக்கிலுள்ள சிமென்ட்டையும் தின்னும். நுரை பொங்குவது அழுக்கு போகிறது என்பதற்கு அடையாளமென்று பலர் நம்புகிறார்கள். கரைவது தரை.

அறையைக் காலி செய்வது

ஆள் இருக்கும் அறையில் டீப் கிளீனிங் கிடையாது. 'ஓரமா படுத்திருக்கட்டும்' என்பதற்கு இடமே இல்லை. குறைந்தது 48 மணிநேரத்துக்கு முன்பே, எந்த அறை எந்த நேரம் என்று அங்கே வாழ்பவர்களின் மொழிகளில் எழுதி ஒட்டுங்கள். ஷிப்டுப் பட்டியலை வைத்துக்கொண்டு நாளைத் தீர்மானியுங்கள். இரவு வேலை முடித்து வருபவருக்குப் பகலில் படுக்க மாற்று இடம் கொடுக்காமல் அவருடைய அறையைத் திறக்கச் சொல்லக் கூடாது. ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் அவர்கள் திரும்பும் நேரத்தைத் தள்ளிவையுங்கள். திறந்து கிடக்கும் உணவு, தட்டு, டம்ளர், பல் துலக்கும் பிரஷ் எல்லாம் வெளியே போக வேண்டும். உடைமைகளைக் கட்டிலின் சொந்தக்காரரே எடுத்து வைக்க நேரம் கொடுங்கள். திருட்டுப் பேச்சு எழுந்தால் அடுத்த முறை யாரும் அறையைக் காலி செய்ய மாட்டார்கள்.

ஏசி ஓடினால் காற்று மாறுகிறது என்பது தவறு. ஸ்பிளிட் ஏசி உள்ளிருக்கும் காற்றையே சுழற்றிக் குளிரவைக்கும், வெளிக்காற்றைக் கொண்டுவராது. ஜன்னலையும் கதவையும் திறந்து, ஒரு பக்கம் மின்விசிறியை வெளிநோக்கி வையுங்கள். ஜன்னல் இல்லாத உள்குளியலறையில் எக்சாஸ்ட் ஃபேன் வேலை செய்கிறதா என்று ஒரு டிஷ்யூ தாளைச் சல்லடையில் ஒட்டிப் பாருங்கள். தாள் ஒட்டி நிற்காவிட்டால் அங்கே ஆசிட் எடுத்துப்போகாதீர்கள். விசிறியைச் சரிசெய்வது முதல் வேலை. வேலை முடிந்து தரை காய்ந்து, நெடி முழுவதும் போன பிறகே அறையைத் திருப்பிக்கொடுக்க வேண்டும். லேபிளில் நேரம் குறித்திருந்தால் அதுவே குறைந்தபட்சம்.

மின்சாரம்: சுவர், ஏசி, சுவிட்ச்போர்டு பக்கம் தண்ணீர் போகும் முன் அந்தச் சுற்றின் பிரேக்கரை இறக்கிப் பூட்டு மாட்டுங்கள். தரை கழுவும் இயந்திரத்துக்கு மின்கசிவு ஏற்பட்டால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் உள்ள இணைப்பு மட்டும். அதன் டெஸ்ட் பட்டனைத் தினமும் ஒரு முறை அழுத்திப் பாருங்கள்.

கையுறை, கண்ணாடி, மாஸ்க்

உணவு பரிமாறும் மெல்லிய கையுறை ஆசிட்டுக்குத் தாங்காது. முழங்கைக்குப் பாதிவரை வரும் தடித்த நைட்ரைல் கையுறை வாங்குங்கள். தோளுக்கு மேலே கை தூக்கித் தேய்க்கும்போது கையுறையின் விளிம்பை வெளிப்பக்கமாக மடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வழியும் திரவம் நேராக அக்குளுக்குப் போகும். பேன்ட்டை பூட்ஸுக்கு உள்ளே சொருகக் கூடாது, வெளியே விட வேண்டும். சொருகினால் சிந்தியது பூட்ஸுக்குள் தங்கிக் காலை வேகவைக்கும்.

கண்ணுக்கு முகத்தோடு ஒட்டி நிற்கும் பாதுகாப்புக் கண்ணாடி தேவை. பக்கவாட்டில் இடைவெளி உள்ள சாதாரணக் கண்ணாடி போதாது. அடர்த்தியான கேனிலிருந்து ஊற்றும்போது முகக் கவசமும் சேர வேண்டும்.

தூசி மாஸ்க் குளோரினைத் தடுக்காது. இதைப் புரியவைப்பது கடினம், ஏனென்றால் மூக்கு மூடியிருப்பதே ஒரு தைரியம் தரும். வாயுவுக்கு கார்ட்ரிட்ஜ் மாட்டிய முகமூடி வேண்டும். ஐரோப்பிய நிறக்குறியீட்டில் குளோரின் போன்ற வாயுக்களுக்குச் சாம்பல், அமிலவாயுக்களுக்கு மஞ்சள், அமோனியாவுக்குப் பச்சை, கரைப்பான் ஆவிகளுக்குப் பழுப்பு. தாடி இருந்தால் விளிம்பு ஒட்டாது. இருந்தாலும், தினசரி வேலையில் இந்த முகமூடி தேவைப்படுகிறது என்றால் மருந்தோ முறையோ தவறு என்று பொருள். அதை மாற்றுங்கள்.

ஸ்பிரேயை மூடுபனியாகத் தெளிக்காதீர்கள். நுரையாக வரும் முனை வையுங்கள், அல்லது துணியில் தெளித்துத் துடையுங்கள். தலைக்கு மேலே தெளிப்பது எப்போதும் தவறு.

இத்தனையும் போட்டுக்கொண்டு வேலை செய்பவருக்கு உடல் சூடேறும். 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். குடிக்கும் இடம் ரசாயனம் இருக்கும் இடத்திலிருந்து தள்ளி இருக்கட்டும். கை கழுவிய பிறகே டம்ளரைத் தொட வேண்டும்.

இடத்துக்கு இடம்

*டாய்லெட்.* துணியும் பிரஷும் சிவப்பு நிறம், வேறெங்கும் போகக் கூடாது. சமையலறைக்குப் பச்சை, அறைகளுக்கு நீலம்.

1. குப்பை எடுத்து, எல்லாவற்றையும் தண்ணீரால் அலசி, கோப்பையை ஒரு முறை ஃபிளஷ் செய்யுங்கள்.
2. டிடர்ஜென்ட் போட்டுத் தேய்த்து அலசுங்கள்.
3. உப்புக்கறை இருக்கும் இடத்தில் மட்டும் ஆசிட் நீக்கி. லேபிளில் உள்ள நேரம், பெரும்பாலும் 5 முதல் 10 நிமிடம். காய விடாதீர்கள்.
4. இரண்டு முறை ஃபிளஷ், தரைச் சல்லடைக்கு ஒரு முழு பக்கெட் தண்ணீர்.
5. குவாட், குறிப்பிட்ட நேரம் ஈரமாக. கதவுக்கைப்பிடி, குழாய், ஃபிளஷ் பட்டன் இவை முக்கியம்.

ஷவர் முனைகளைக் கழற்றி உப்புக்கறை நீக்கியில் ஊறவைத்து அலசி மாட்டுங்கள். உப்புப் படிவும் 20 முதல் 45 டிகிரி வெதுவெதுப்பும், கடுமையான நுரையீரல் தொற்றை உண்டாக்கும் லெஜியனெல்லா பாக்டீரியாவுக்கு வசதியான வீடு. பல வாரம் காலியாகக் கிடந்த பிளாக்கைத் திறக்கும்போது, ஷவர் முனையைக் கழற்றிவிட்டுத் தண்ணீரைச் சில நிமிடம் ஓடவிடுங்கள். முனையோடு திறந்தால் அந்தப் பாக்டீரியா நீர்த்துளியாக மூச்சில் போகும்.

*சமையலறை.* காஸ் வால்வை மூடி, அடுப்பு ஆறிய பிறகு தொடங்குங்கள். உணவுப் பொருளை அகற்றுங்கள் அல்லது மூடுங்கள். புகைபோக்கியில் தீயணைப்பு முனைகள் இருந்தால் அவற்றின் மூடியைக் கழற்றவோ நீக்கியைத் தெளிக்கவோ கூடாது. கார நீக்கி போட்ட பிறகு இரண்டு முறை அலசி, பிஎச் தாளை ஈரப்பரப்பில் வைத்துப் பாருங்கள். தாள் நீலம் காட்டினால் இன்னும் காரம் இருக்கிறது, மறுபடி அலசுங்கள். உணவு படும் மேசைக்குக் குவாட் 200 பிபிஎம் போன்ற குறைந்த அளவே போதும். லேபிளில் உணவுப் பரப்புக்கு ஏற்றது என்று குறிப்பிட்டிருக்க வேண்டும்.

*கட்டிலும் மெத்தையும்.* மூட்டைப்பூச்சிக்குத் துப்புரவு ஆள் கையில் பூச்சிமருந்து கொடுக்காதீர்கள். விரிப்பு, தலையணை உறைகளை 60 டிகிரியில் துவைத்து, சூடான டிரையரில் குறைந்தது அரைமணி நேரம் போடுங்கள். கட்டில் இடுக்குகளில் நீராவி முனையை மெதுவாக நகர்த்துங்கள். வேகமாகப் போனால் மேல்பூச்சி மட்டும் சாகும், முட்டை பிழைக்கும். அதற்கு மேல் தேவைப்பட்டால் உரிமம் பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டு ஆட்களை அழையுங்கள்.

அவர்களிடமும் ஒன்றைக் கறாராகச் சொல்லுங்கள்: அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை கூடாது. தானியக் கிடங்குக்காகச் செய்யப்பட்ட மருந்து அது. காற்றின் ஈரம் பட்டதும் பாஸ்பீன் என்ற நச்சு வாயுவை விடும். அந்த வாயு சுவர் விரிசல், ஏசி குழாய் ஓட்டை, குளியலறை எக்சாஸ்ட் வழியாக அடுத்த அறைக்குப் போகும். பூட்டிய அறையில் வைத்துவிட்டோம் என்று ஒருவர் நினைத்துக்கொண்டிருக்க, பக்கத்து அறையில் உறங்குபவர்கள் வயிற்றுவலி, வாந்தி என்று எழுந்து உணவு சேரவில்லை என்று நினைப்பார்கள். இந்த விஷத்தை முறிக்கும் மருந்து கிடையாது. மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது பையிலிருந்து எடுத்தால் அந்த நிமிடமே வேலையை நிறுத்துங்கள்.

*தண்ணீர்த் தொட்டி.* இது டீப் கிளீனிங் பட்டியலில் ஒரு வரியாக வரக் கூடாது. மூடிய இடத்தில் நுழையும் வேலை, தனி பர்மிட் வேண்டும். உள்ளே இறங்கும் முன் வாயுமானியால் ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். வெளியே ஒருவர் எப்போதும் நிற்க வேண்டும். பெட்ரோல் பம்பை உள்ளேயோ வாயருகிலோ வைத்தால் கார்பன் மோனாக்சைடு ஆளைச் சாய்க்கும். உள்ளே ஆள் இருக்கும்போது குளோரின் போடக் கூடாது. தேய்த்து, அலசி, ஆள் வெளியேறி, தொட்டியை நிரப்பிய பிறகு மேலிருந்து கலக்க வேண்டும். லிட்டருக்கு 50 மில்லிகிராம் வீதம் என்றால் 10,000 லிட்டர் தொட்டிக்கு 500 கிராம் குளோரின். 65 சதவீத கால்சியம் ஹைப்போகுளோரைட்டானால் சுமார் 770 கிராம். ஒரு மணிநேரம் நிறுத்தி, அந்த நேரம் முழுவதும் எல்லாக் குழாய்களையும் மூடிப் பூட்டி, பிறகு வடித்து அலசி நிரப்புங்கள். குழாயில் குளோரின் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராமுக்குள் வந்த பிறகே குடிக்கத் திறக்க வேண்டும்.

கழிவுத்தொட்டி, சாக்கடைக் குழிக்குள் துப்புரவு ஆள் இறங்கவே கூடாது. உள்ளே விழுந்தவரைத் தூக்க இறங்கிய இரண்டாம் ஆளும் மூன்றாம் ஆளும் சாவது இந்த வேலையில் திரும்பத் திரும்ப நடக்கும் கொடுமை. இயந்திரம் உள்ளவர்களை அழையுங்கள்.

சேமிப்பு

பூட்டுள்ள, நிழலான, காற்றோட்டமுள்ள அறை. சாவி ஒருவரிடம். ஆசிட் ஒரு பக்கம், பிளீச் எதிர்ப்பக்கம், ஒன்று கசிந்தாலும் மற்றதைத் தொடாதபடி தனித்தனித் தட்டுகளில். பெரிய கேனின் கொள்ளளவைவிட 10 சதவீதம் கூடுதலாக அந்தத் தட்டு கொள்ள வேண்டும். திரவங்கள் கண் மட்டத்துக்குக் கீழே. கால்சியம் ஹைப்போகுளோரைட் தூள் உலர்ந்த இடத்தில், எண்ணெய், துணி, வேறு குளோரின் மாத்திரை எதுவும் படாமல், தனக்கென்று ஒரு கரண்டியோடு. நீச்சல்குளத்துக்கான மாத்திரையை அள்ளிய கரண்டியையே இதற்கும் பயன்படுத்தித் தீப்பிடித்த இடங்கள் உண்டு.

குடிதண்ணீர் பாட்டிலில் ரசாயனத்தை ஊற்றக் கூடாது. 'கொஞ்சம்தான், இப்போ தீர்ந்துடும்' என்பதற்குக்கூட விதிவிலக்கு இல்லை. வெயிலில் வேலை செய்து தாகத்தோடு வரும் ஒருவர் மேசையிலிருக்கும் பாட்டிலை எடுப்பார், முகர்ந்து பார்க்க மாட்டார். ஒவ்வொரு ஸ்பிரே பாட்டிலிலும் பொருளின் பெயர், செறிவு, கலந்த தேதி, அபாயப் படம் இருக்க வேண்டும். லேபிள் அழிந்தால் அந்த பாட்டில் அன்றே வெளியேற வேண்டும்.

ஏதாவது நடந்துவிட்டால்

*கண்ணில் பட்டால்:* உடனே ஓடும் தண்ணீர், இமையை விரல்களால் விரித்துப் பிடித்து, குறைந்தது 15 நிமிடம். காரமானால் 30 நிமிடமோ அதற்கு மேலோ, மருத்துவமனை போகும் வழியிலும் தொடர வேண்டும். ஆசிட்டைவிடக் காரம் கண்ணுக்குள் ஆழமாக இறங்கும். நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் என்றால் 15 நிமிடத்துக்கு 22 லிட்டருக்கு மேல் ஆகும். முதலுதவிப் பெட்டியிலுள்ள அரை லிட்டர் கண்கழுவும் பாட்டில், குழாயை அடையும்வரை மட்டுமே உதவும். அதனால் ஒவ்வொரு தளத்திலும் வேலை தொடங்கும் முன்பே ஒரு குழாயைத் தேர்ந்தெடுத்து, அடையாளம் ஒட்டி, திறந்து பார்த்து வையுங்கள். 10 விநாடி நடையில் இருக்க வேண்டும். வெயிலில் கொதித்த மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் வருகிறதா என்றும் பாருங்கள்.

*தோலில் பட்டால்:* நனைந்த உடையைக் கழற்றி, 20 நிமிடம் தண்ணீர். ஆசிட்டுக்குக் காரம், காரத்துக்கு வினிகர் என்று எதையும் மேலே ஊற்றாதீர்கள்.

*வாயு கிளம்பினால்:* எல்லாரையும் வெளியே, காற்று வரும் திசைக்கு. பக்கத்து அறைகளையும் தட்டி எழுப்புங்கள். பக்கெட்டை எடுக்க என்று யாரும் திரும்பப் போகக் கூடாது. மூச்சுத்திணறுபவரை உட்காரவையுங்கள், படுக்கவைக்காதீர்கள். இப்போது சரியாகிவிட்டது என்றாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நுரையீரலில் நீர் கோர்ப்பது பல மணிநேரம் கழித்தும் வரலாம். அன்றிரவு அவரைத் தனியாக அறைக்கு அனுப்பாதீர்கள்.

*விழுங்கிவிட்டால்:* வாந்தி எடுக்கவைக்காதீர்கள். வாயைக் கொப்பளித்துவிட்டு, கேனையோ லேபிளின் படத்தையோ கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

*தரையில் கொட்டினால்:* மணலோ அதற்கென்று உள்ள உறிஞ்சியோ போடுங்கள். பிளீச்சின் மேல் மரத்தூள் போடாதீர்கள், சூடேறித் தீப்பிடிக்கலாம்.

வேலை முடிந்து கணக்குப் பார்க்கும்போது

காலையில் எடுத்த மில்லியும் மாலையில் திரும்பிய மில்லியும் பதிவேட்டில் வர வேண்டும். சுத்தம் செய்த அறைகளின் எண்ணிக்கைக்குக் கணக்கிட்டதைவிட மிக அதிகம் செலவானால், யாரோ கைக்கணக்கில் ஊற்றியிருக்கிறார்கள். மிகக் குறைவானால் மருந்து எங்கோ பாட்டிலில் ஒதுங்கியிருக்கிறது, அதைத் தேடுங்கள். மிச்சக் கரைசலில் ஆசிட்டையும் பிளீச்சையும் ஒரே வடிகாலில் அடுத்தடுத்து ஊற்றாதீர்கள்.

காலி கேன்களை மூன்று முறை அலசி, லேபிளைக் கிழித்து, அடியில் இரண்டு ஓட்டை போட்டு ஒப்பந்ததாரரிடமே எண்ணித் திருப்பிக் கொடுங்கள். ஓட்டை போடாத நல்ல 20 லிட்டர் கேன் குப்பைக்குப் போகாது, யாராவது ஒருவர் அறையில் அடுத்த வாரம் குடிதண்ணீர் பிடித்து வைத்திருப்பார்.